சென்னையில் உளவியல் பட்டம்: சேர்வதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததும் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. நான் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியவன் என்பதால், தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் "வேறு எதுவும் கிடைக்கவில்லை, சைக்காலஜி சேர்க்கலாமா?" என்பார்கள். இப்போது "சைக்காலஜிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், சேர்க்கலாமா?" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் என் மகள் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடுவாளா?

ஆக மாட்டாள். இதைக் கல்லூரி விளம்பரங்கள் சொல்வதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாண்டு இளநிலைப் பட்டம் அடித்தளம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, இல்லை என்று முடிவு சொல்லவோ, சிகிச்சை தரவோ முடியாது. ஒரு குழந்தையின் நுண்ணறிவுத் திறனை அளந்து சான்றிதழில் கையெழுத்திடவும் முடியாது. அதற்கு முதுநிலைப் பட்டம், அதன் மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி, அதன் பிறகு பதிவு என்று நீண்ட பாதை இருக்கிறது. பள்ளி முடித்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். படிப்பவரின் பெற்றோர் அத்தனை ஆண்டுகள் காத்திருக்கத் தயாராக இருக்கிறார்கள். உளவியல் என்றால் மட்டும் மூன்றாம் ஆண்டின் முடிவில் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்: மூவரும் ஒன்றுதானே?

மூவரும் வேறு வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் வைத்து மதிப்பிடுவார், உளவழிச் சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வு மன்றம் எனும் ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். கவுன்சலர் என்ற பெயருக்கு அந்த அளவுக்கு இறுக்கமான வேலி நீண்ட காலமாக இருந்ததில்லை. அதனால்தான் முதுநிலைப் பட்டம் பெற்றவரும், வார இறுதி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், நடத்தை நல அறிவியல் என்ற பிரிவின் கீழ் உளவியலாளர்களையும் பல வகை ஆலோசகர்களையும் கொண்டுவந்திருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தொடர்ந்து ஆர்.சி.ஐ.யின் கீழ். இன்று முதலாண்டில் சேருகிற பிள்ளை வேலைக்கு வரும்போது, பதிவு இல்லாத கவுன்சலர் என்பது எளிதாக இருக்காது என்பதே என் கணிப்பு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகும் வழியைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இதுவரை இருந்த பாதை இது: உளவியலில் இளநிலை மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, அதன் பிறகு ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். இரண்டு ஆண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை இந்தத் தகுதியை ஒட்டியே வரையறுக்கிறது. பெயரில் எம்.ஃபில். இருந்தாலும் அது நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற படிப்பு இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் நின்று, நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதி, சோதனை வைத்து, அறிக்கை தயாரித்து, மேற்பார்வையாளரிடம் அதைத் திருத்தி வாங்குகிற முழுநேரப் பயிற்சி.

சென்னையைச் சுற்றி இந்தப் பயிற்சிக்கு நல்ல இடங்கள் உண்டு. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகிய இரண்டும் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். நடத்திப் பெயர் பெற்றவை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் நுழைவுத் தேர்வையும் இங்கிருந்து பலர் எழுதுகிறார்கள். இடங்கள் எங்கேயும் மிகக் குறைவு. ஓர் ஆண்டு கிடைக்காமல் அடுத்த ஆண்டு எழுதுவது இத்துறையில் சாதாரணம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி எம்.ஃபில். என்ற பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு எனும் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் விலக்குத் தந்து, 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை அனுமதித்தது. இதற்கிடையே ஆர்.சி.ஐ. நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் உள்ளிட்ட வேறு பாடத்திட்டங்களையும் வகுத்திருக்கிறது, சை.டி. எனப்படும் நான்காண்டு தொழில்முறை முனைவர் படிப்பு முன்பிருந்தே உண்டு. ஆகவே இன்று முதலாண்டு சேருகிறவர் "எம்.ஃபில். முடித்து வருவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டம் போடக் கூடாது. முதுநிலை முடிக்கிற தறுவாயில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், எந்த ஆண்டு வரை ஒப்புதல் என்று பார்த்துவிட்டுச் சேர வேண்டும். ஒப்புதல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்படுவது, "எங்களுக்கு ஆர்.சி.ஐ. உண்டு" என்று கல்லூரி வாயால் சொன்னால் போதாது. சேருகிற ஆண்டுக்கு அது உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்க வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகள் எந்தப் பிரிவில் படித்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன. உயிரியல் படித்திருந்தால் மூளை, நரம்பு மண்டலம் பற்றிய தாள் எளிதாக இருக்கும். வணிகவியல் பிரிவுப் பிள்ளைகள் அந்த ஒரு தாளுக்கு முதல் பருவத்தில் சற்று மூச்சு வாங்குவார்கள், பிறகு சமாளித்துவிடுவார்கள்.

பி.ஏ.வா, பி.எஸ்சி.யா?

மேற்படிப்புக்கு இரண்டும் செல்லும். எழுத்தைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்: புள்ளியியல், ஆய்வு முறை, செய்முறை மூன்றும் இருக்கின்றனவா? இருந்தால் போதும்.

கல்லூரியை எப்படி மதிப்பிடுவது? எல்லாருமே "சிறந்த ஆய்வகம், சிறந்த ஆசிரியர்கள்" என்றுதான் சொல்கிறார்கள்.

கையேட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்துக்காகப் போக வேண்டாம். சென்னையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஆசிரியர்கள். உளவியல் துறையில் நிரந்தரமாக எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் உளவியலிலேயே முனைவர் பட்டமோ, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியோ பெற்றவர்கள், யாராவது ஒருவராவது ஆர்.சி.ஐ. பதிவுள்ளவரா என்று கேளுங்கள். இணையதளத்தில் பத்துப் பெயர் இருக்கும். துறைக்குப் போனால் சென்ற மாதம் சேர்ந்த இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர்கள் ஆண்டுக்கொருமுறை மாறுகிற துறை எதுவும் நல்ல துறை இல்லை. இதைத் துறைத் தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மூன்றாம் ஆண்டு மாணவியிடம் கேளுங்கள். வாசலில் நிற்கும் தேநீர்க் கடையில் உண்மை வெளிவரும்.

அடுத்தது ஆய்வகம். உளவியல் ஆய்வகம் என்றால் வேதியியல் ஆய்வகம் போலப் புகையும் மணமும் இருக்காது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி, முல்லர்-லையர் மாயத்தோற்றப் பலகை, விரல் திறன் பலகை, நினைவாற்றல் அட்டைகள், ஆளுமை வினாநிரல்கள், நுண்ணறிவுச் சோதனைப் பெட்டிகள் இவைதான் இருக்கும். பாட்டியா பேட்டரி, பினே-காமத் போன்ற நுண்ணறிவுச் சோதனைகள் அலமாரியில் இருக்கின்றனவா என்பதைவிட, அவற்றின் மேல் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி பிரிக்கப்படாமல் ஆய்வுக்குழு வருகைக்காக மட்டும் துடைத்து வைக்கப்படுகிற துறைகள் உண்டு. மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லார் நோட்டிலும் ஒரே எண்கள், ஒரே முடிவு என்றால் சோதனையை ஒருவரும் செய்யவில்லை, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள் என்று பொருள்.

மூன்றாவது, நான் பெரிதாக நினைப்பது, களப்பயிற்சி. மருத்துவமனைக்கோ சிறப்புப் பள்ளிக்கோ மாணவர்களை அனுப்புகிறார்களா? அனுப்பினால், அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? வாரத்துக்கு ஒருமுறை உட்காரவைத்து, "நீ என்ன பார்த்தாய், என்ன புரிந்துகொண்டாய்?" என்று கேட்கிற ஆசிரியர் உண்டா? சென்னையில் உளவியல் படிப்பதன் பெரிய லாபமே இதுதான். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அண்ணா நகர்ப் பக்கம் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வீடற்று அலையும் மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993இல் தொடங்கிய பேன்யன் இருக்கிறது. 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சிநேகா இருக்கிறது. தமிழ்நாட்டின் வேறெந்த ஊரிலும் இவ்வளவும் ஒரே நகரப் பேருந்துப் பயணத்துக்குள் கிடையாது. இதைப் பயன்படுத்தாத கல்லூரி, கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு படத்தில் கடல் காட்டுகிற கல்லூரி.

நான்காவது, புள்ளியியல். பிள்ளைகள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். "மனத்தைப் படிக்க வந்தேன், கணக்கு எதற்கு?" என்பார்கள். கணக்கு இல்லாத உளவியல் கைரேகை பார்ப்பதற்கு மிக அருகில் இருக்கிறது. இரு குழுக்களின் சராசரிக்கு இடையே உள்ள வேறுபாடு தற்செயலா, உண்மையா என்று சொல்லத் தெரியாதவரை எந்த ஆய்வு நிறுவனமும் எடுத்துக்கொள்ளாது. புள்ளியியல் தாளைக் கணிதத் துறை ஆசிரியர் வந்து கடனே என்று நடத்திவிட்டுப் போகிறாரா, உளவியல் தெரிந்தவர் உளவியல் தரவை வைத்து நடத்துகிறாரா என்று விசாரியுங்கள்.

வேலைவாய்ப்பு விழுக்காட்டைக் கடைசியில் பாருங்கள். "எங்கள் மாணவர்களில் இத்தனை பேருக்கு வேலை" என்பதில் கால் சென்டரும் சேர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் எங்கே முதுநிலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருக்கிற துறை, தன் மாணவர்களைக் கவனிக்கிற துறை.

சென்னையில் எந்தெந்தக் கல்லூரிகள்?

தரவரிசை போட எனக்கு விருப்பமில்லை. துறையின் தரம் தலைவர் மாறினால் மாறும். விசாரிக்கத் தொடங்க வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை 1943இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் 1916, மைசூரில் 1924 என்ற வரிசையில் இந்தியாவின் பழைய துறைகளில் ஒன்று. அது முதுநிலைக்கும் ஆய்வுக்கும். கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் மிகக் குறைவு. விண்ணப்பம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான பொது இணையதளம் வழியாகவே. நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறித்தவக் கல்லூரி உளவியலுக்கு நெடுநாளாகப் பெயர் பெற்றது. எழும்பூரில் சென்னை சமூகப் பணிக் கல்லூரி, கவுன்சலிங்கும் சமூகப் பணியும் சேர்ந்த சூழலில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றதும் குறைந்த கட்டணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். உளவியல் பல இடங்களில் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. விண்ணப்பத்திலேயே எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரபலமான நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பல லட்சம் கட்டணம். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

இளநிலைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் படிப்பில் செலவு பின்னால் வருகிறது: முதுநிலை, அதன் மேல் தொழில்முறைப் பயிற்சி, சோதனைப் பெட்டிகள், மேற்பார்வைக் கட்டணம். தொடக்கச் சம்பளமோ பொறியாளரின் சம்பளம் போல் இருக்காது. மூன்றாம் ஆண்டு முடிவில் வங்கித் தவணை தொடங்கிவிட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் முதுநிலையை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போவாள். பணம் இருந்தால் இளநிலையில் சேமித்து, மருத்துவமனைப் பயிற்சி உள்ள மேற்படிப்புக்குச் செலவழியுங்கள். மருத்துவமனையோடு இணைந்த பல்கலைக்கழகம் என்றால் மட்டும் கணக்கு சற்று மாறும். அப்போதும் இளநிலை மாணவருக்கு அந்த மருத்துவமனைக் கதவு திறக்குமா, முதுநிலைக்கு மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிக்கலாமா?

முன்பு பலர் அப்படித்தான் படித்தார்கள். வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர்கள் தொலைநிலையில் எம்.எஸ்சி. முடித்தார்கள். அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. 2021ஆம் ஆண்டின் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி. அறிவித்தது, ஜூலை-ஆகஸ்ட் 2025 சேர்க்கையிலிருந்து இது நடைமுறை. உளவியலின் பெயர் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இருக்கிறது. ஆகவே "ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி, ஓராண்டில் இரண்டு பட்டம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பணம் கட்டாதீர்கள். முன்பே சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

என் பையன் தமிழ்வழியில் படித்தவன். சமாளிப்பானா?

முதல் ஆண்டு சிரமப்படுவான். பாடநூல்கள் ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எடுத்துக்காட்டுகள்கூட அந்நியமாக இருக்கும். ஆனால் நான்காம் ஆண்டில், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது, காட்சி தலைகீழாகும். வியாசர்பாடியிலிருந்து வருகிற அம்மா "நெஞ்சு படபடன்னு அடிக்குது, யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று சொல்லும்போது, அதற்குள் இருக்கிற பதற்றத்தையும் குடும்பச் சண்டையையும் பிரித்துக் கேட்கத் தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "உங்களுடைய மனநிலை எவ்வாறு உள்ளது?" என்று செய்தி வாசிப்பவர் போலக் கேட்டால் அந்த அம்மா "நல்லாருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். உங்கள் பையனுக்கு இது பலம். ஆங்கிலத்தை அவன் கற்றுக்கொள்வான். அறிக்கை எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம் வந்தால் போதும்.

கல்லூரி விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்யச் சொல்கிறார்கள். இணையத்தில் நிறைய விளம்பரம் வருகிறது.

வருகிறது. பதினைந்து நாள், கட்டணம் கட்டினால் சான்றிதழ், வீட்டிலிருந்தே. அதில் நோயாளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வண்ண எல்லைக்கோடு போட்ட காகிதம் மட்டும் இருக்கிறது. முதுநிலை நேர்காணலில் அனுபவமுள்ள பேராசிரியர் இதைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அங்கே நீ பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்." சொல்ல ஒன்றும் இருக்காது. அதைவிட, உங்கள் பேட்டையில் இருக்கிற சிறப்புக் குழந்தைகள் பள்ளியில் கோடை முழுவதும் தன்னார்வமாக நின்று, ஒரு ஆட்டிசக் குழந்தை செருப்பு மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வதைக் கவனித்திருந்தால், நேர்காணலில் ஒரு மணி நேரம் பேசலாம்.

உறவினர்கள் "கீழ்ப்பாக்கத்துக்கு வேலைக்குப் போகப் போகிறாளா?" என்று கேலி செய்கிறார்கள்.

அந்தக் கேலி சென்னைக்கே உரியது. ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்த அந்த மனநலக் காப்பகம், இன்று மனநல மருத்துவம் பயில்வோரின் பயிற்சிக்கூடமும்கூட. அங்கே வேலை கிடைத்தால் உறவினர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுங்கள்.

வேலை எங்கேதான் கிடைக்கும்? இளநிலையோடு நிறுத்தினால்?

இளநிலையோடு நிறுத்தினால், உளவியல் சார்ந்த வேலை என்பது பெரும்பாலும் உதவியாளர் நிலை: குழந்தை வளர்ச்சி மையங்களில் பயிற்சியாளர், தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளர், ஆய்வுத் திட்டங்களில் தரவு சேகரிப்பவர். சென்னையில் ஆட்டிசம், பேச்சு, கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கான மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. ஆள் தேவை உண்டு, சம்பளம் குறைவு, வேலை கடினம். இங்கே ஓராண்டு இருந்துவிட்டு முதுநிலைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். இல்லையென்றால் பொதுவான பட்டதாரி வேலைகள்: வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., நிறுவனங்களின் ஆள்சேர்ப்புப் பிரிவு.

முதுநிலை முடித்தவர்களுக்குப் பள்ளி, கல்லூரிக் கவுன்சலர் வேலை இன்று நன்றாகத் திறந்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளிலேயே பள்ளிகளில் கவுன்சலர் வேண்டும் என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. காகிதத்தில் எழுதியது எல்லாம் நடந்துவிடாது. கவுன்சலரை நியமித்துவிட்டுப் பாதி நாள் ஆசிரியர் வராத வகுப்புகளுக்கு அனுப்புகிற பள்ளிகளும் உண்டு. வேலையில் சேரும்போதே தனியறை உண்டா, வகுப்பு எடுக்கச் சொல்வார்களா, குழந்தை ரகசியமாகச் சொன்னதைத் தலைமையாசிரியர் கேட்டால் என்ன செய்வது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத பள்ளியில் நல்ல கவுன்சலர் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிப்பதில்லை.

ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் பக்கம் பார்ப்பவர்களுக்கு மனிதவளத் துறை இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அந்த வேலைக்கு எம்.பி.ஏ. படித்தவரோடு உங்களை நிறுத்திப் பார்க்கும். அங்கே போவதுதான் நோக்கம் என்றால் நிறுவன உளவியலில் முதுநிலை படியுங்கள். நிறுவனங்களின் மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற வேலைக்கும் உளவியல் படித்தவர்களை எடுக்கிறார்கள். புள்ளியியல் தெரிந்த பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

கற்பித்தல், ஆய்வு என்றால் யு.ஜி.சி. நெட் எழுத வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம் படித்துக்கொண்டே குடும்பத்துக்குப் பாரமில்லாமல் இருக்கலாம்.

அரசு வேலை?

உண்டு, குறைவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவரோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கும் மனநலச் சமூகப் பணியாளருக்கும் இடம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எனும் 14416 உதவி எண்ணுக்கு ஆலோசகர்கள் வேண்டும். குடும்பநல நீதிமன்றங்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், எச்.ஐ.வி. பரிசோதனை மையங்கள் எல்லாவற்றிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுள்ளவர்களை மதிப்பிடும்போது உளவியலாளரின் உதவியைப் பெறலாம் என்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியங்களிலும் உளவியலாளர் ஒருவர் கட்டாயம் உண்டு. இவற்றில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. "அரசு வேலை" என்ற சொல்லைக் கேட்டு ஓய்வூதியம் வரை கற்பனை செய்துவிடாதீர்கள். அறிவிப்பில் எத்தனை மாத ஒப்பந்தம் என்று படியுங்கள்.

மகளுக்கே மனப்பதற்றம் இருக்கிறது. உளவியல் படித்தால் சரியாகிவிடும் என்கிறாள்.

படிப்பு சிகிச்சை ஆகாது. மூன்றாம் பருவத்தில் பிறழ்நிலை உளவியல் தாள் வரும்போது நன்றாக இருக்கிற பிள்ளைகளே "எனக்கும் இது இருக்கிறது" என்று வந்து நிற்பார்கள். ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவருக்கு அது கூடுதல் சுமை. முதலில் அவளுக்கு உதவி பெறுங்கள். தேறிய பிறகும் இந்தப் படிப்பு வேண்டும் என்றால் தாராளமாகச் சேரட்டும். தான் பட்ட துன்பம் தெரிந்தவர்கள் இத்துறையில் நன்றாக வேலை செய்கிறார்கள். மாணவர்களுக்கென்று கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறாரா, அவர் தேர்வுத்தாள் திருத்துகிற அதே ஆசிரியரா என்பதையும் சேர்க்கையின்போதே விசாரியுங்கள். மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

ஆண் பிள்ளைகள் படிக்கலாமா?

படிக்க வேண்டும். சென்னையின் பெயர் பெற்ற உளவியல் துறைகளில் பல மகளிர் கல்லூரிகளில் இருப்பதால் வகுப்பறைகள் பெண்களால் நிறைந்திருக்கின்றன. குடியிலிருந்து மீள வருகிற ஆண்களும், பதின்வயதுப் பையன்களும் சில சமயம் ஆண் ஆலோசகரைக் கேட்கிறார்கள். ஆள் இல்லை.

வெளிநாட்டில் மேற்படிப்பு?

போகலாம், ஆனால் திரும்பி வந்து இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவது நோக்கமென்றால், அந்தப் பட்டத்தை ஆர்.சி.ஐ. ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஓராண்டு எம்.எஸ்சி. முடித்து வந்து இங்கே பதிவு கிடைக்காமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனிலேயே தங்கிவிடுவதாக இருந்தால், முதல் படி உங்கள் இளநிலைப் பட்டத்தை பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி ஏற்கிறதா என்பது. அமெரிக்காவில் உளவியலாளர் உரிமம் பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்கே. முகவர் அலுவலகங்களில் இந்த இரண்டு விவரத்தையும் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

படிப்பு முடிந்ததும் சொந்தமாகக் கிளினிக் வைக்கலாமா?

எம்.எஸ்சி. முடித்த கையோடு வேண்டாம். அண்ணா நகரிலோ அடையாறிலோ ஓர் அறை எடுத்து, பலகை மாட்டி, இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்குவது எளிது. முதல் வாரத்திலேயே தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்து உட்காருவார். அப்போது யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது, குடும்பத்திடம் எவ்வளவு சொல்வது என்பது பழக்கத்தில் வர வேண்டியது. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர் ஒருவரின் கீழ் மருத்துவமனையிலோ மையத்திலோ வேலை செய்யுங்கள்.

பலகை எழுதுகிறபோது கவனம். முனைவர் பட்டம் இல்லாமல் பெயருக்கு முன் "டாக்டர்" போடாதீர்கள்; முனைவர் பட்டம் இருந்தாலும் நீங்கள் மருத்துவர் இல்லை என்பது வருகிறவருக்குத் தெரிய வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு இல்லாமல் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று எழுதாதீர்கள். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பதிவில்லாமல் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய்தானே என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட நுண்ணறிவு அறிக்கையை மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கோ, பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்கோ எடுத்துக்கொண்டு போகிற தாய், அது செல்லாது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்டால், உங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்பார். பதிவு எண்ணைப் பலகையிலும் அறிக்கையின் கடைசி வரியிலும் எழுதும் நிலை வந்த பிறகு அறையை வாடகைக்கு எடுங்கள்.